முட்டு நின்ற பிறகும் குழாயில் நடப்பவை

“எனக்கு இலேசான முட்டுத்தான், பனி விழுந்தால் மட்டும் கொஞ்சம் இழுக்கும்” என்று தங்கள் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்பவர்களின் வீட்டு மருந்துப் பெட்டியை யாழ்ப்பாணத்தில் எங்கே திறந்தாலும் ஏறத்தாழ ஒரே சாமான்கள்தான் இருக்கும். நீல நிறச் சல்பியூட்டமோல் பம்ப் ஒன்று, பிரிட்டோன் அட்டை ஒன்று, பாதி முடிந்த மொன்டிலூகாஸ்ட் குளிசை, எப்போதோ கிளினிக்கில் தந்த, மூச்சில் உறிஞ்சும் பெக்ளோமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கப்சியூல் போத்தல். முதல் இரண்டும் தேய்ந்து போயிருக்கும். கடைசிப் போத்தலின் மூடி திறந்திருக்காது. எது என்ன செய்கிறது என்று கேட்டால் “எல்லாம் முட்டுக்குத்தான்” என்ற பதில் வரும். நான்கும் நான்கு வெவ்வேறு இடத்தில் வேலை செய்கிறவை. அதிகம் பாவிக்கப்படும் இரண்டும் மூச்சுக்குழாயின் அழற்சியைக் குறைப்பதில்லை. அதைக் குறைப்பதில் கெட்டித்தனமான மருந்து போத்தலுக்குள் சும்மா கிடக்கிறது. இது ஏன் என்று விளங்க, குழாய்க்குள் சுரக்கும் இரசாயனங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ‘இலேசான’ என்ற பட்டத்தைப் பற்றி. குழாய்க்குள் எட்டிப் பார்த்து யாரும் இந்தப் பட்டத்தைக் கொடுப்பதில்லை. எவ்வளவு குறைந்த மருந்தில் நோய் அடங்குகிறது என்று சில மாதம் பார்த்துவிட்டுச் சொல்வது அது. குறைந்த அளவு ஸ்டீரொயிட் பம்ப், அல்லது தேவைப்படும்போது மட்டும் எடுக்கும், ஸ்டீரொயிட்டும் தசையை விடச் செய்யும் போர்மொடெரோலும் சேர்ந்த பம்ப், இவற்றோடு அடங்கினால் இலேசானது. ஆகவே மருந்தே எடுக்காமல் “இலேசானது” என்று சொல்லிக்கொள்வது கணக்கில் சேராது. கடும் முட்டோடு அவசர சிகிச்சைக்கு வரும் வளர்ந்தோரில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த ‘இலேசான’ கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று அறிய அதைக் கழுவி எடுத்துப் பார்ப்பதே நேரடி வழி. தொண்டையை லிக்னொகேயினால் மரக்கச் செய்து, வளையக்கூடிய கமராக் குழாயை மூக்கு வழியாக இறக்கி, பெரும்பாலும் வலது நுரையீரலின் நடுச்சோணையில் ஒரு கிளைக்குள் அதன் நுனியை இறுக நிறுத்துவார்கள். உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய சேலைனை 50, 60 மில்லிலீற்றராக நாலைந்து தடவை விட்டு, ஒவ்வொரு தடவையும் மெதுவாக உறிஞ்சி எடுப்பார்கள். அவசரப்பட்டுப் பலமாக உறிஞ்சினால் குழாய்ச்சுவர் ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் வராது. நன்றாகச் செய்தாலும் விட்டதில் பாதியளவுதான் திரும்பும். ஆஸ்துமாக்காரரில் அதிலும் குறையலாம். எடுத்ததை உடனே பனிக்கட்டியில் வைத்து, கலங்களைச் சுழற்றிப் பிரித்து, மிச்ச நீரை மறை 80 பாகையில் உறையவிட வேண்டும். தாமதித்தால் அந்தக் கலங்கள் போத்தலுக்குள்ளேயே புதிதாகப் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனத்தைச் செய்து கணக்கைக் குழப்பிவிடும். இன்னொரு தலையிடி, நுரையீரலின் உட்படலத்தில் இருந்த நீர் எத்தனை மடங்கு ஐதாகியது என்பது. இரத்தத்திலும் கழுவிய நீரிலும் யூரியாவை அளந்து திருத்தம் செய்வார்கள். அதுவும் முழுத் துல்லியம் இல்லை. இந்தத் துறையில் ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஒரே ஆய்வுக்குள் இருவரை ஒப்பிட்டால் மட்டும் நம்பலாம்.

அப்படி ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் இங்கே போதும். 1986 இல் ஆஸ்துமாக்காரரின் குழாய்க் கிளை ஒன்றுக்குள் தூசி உண்ணியின் சாற்றை விட்டு, ஒன்பது நிமிடத்தில் கழுவி எடுத்தபோது புரொஸ்டாகிளாண்டின் டீ2 சராசரியாக 150 மடங்கு ஏறியிருந்தது. 1990 இல் வந்த ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதில் தூசியும் கொடுக்கவில்லை, மகரந்தமும் கொடுக்கவில்லை. இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள் சும்மா இருக்கும்போதே கழுவிப் பார்த்தார்கள். அப்போதும் ஹிஸ்டமீனும் புரொஸ்டாகிளாண்டின் டீ2வும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. முட்டு இல்லாத நாளிலும் குழாயில் கசிவு நிற்கவில்லை.

கசியவிடும் கலத்தின் பெயர் மாஸ்ற் கலம். குழாயின் மேலணிக்குக் கீழேயும் நடுவேயும் குந்தியிருக்கும் இதன் மேற்பரப்பில் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரிகள் ஒட்டியிருக்கின்றன. தூசி உண்ணியின் எச்சத்திலுள்ள புரதம் ஒன்று வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.ஈ மூலக்கூறுகளை ஒன்றோடொன்று தொடுத்துவிட்டால் போதும், கலம் மூன்று விதமான சரக்கை மூன்று வேகத்தில் வெளியே விடும். முதலாவது, மணிகளாக ஏற்கனவே கட்டி வைத்திருப்பது: ஹிஸ்டமீன், டிரிப்டேஸ். இவை ஓரிரு நிமிடத்தில் வெளியே. இரண்டாவது, அந்த நேரத்தில் செய்வது. கலத்தின் மென்சவ்விலிருந்து அரகிடோனிக் அமிலத்தை ஒரு நொதியம் வெட்டி எடுக்கும். அது சைக்ளோஒட்சிசனேஸ் கையில் அகப்பட்டால் புரொஸ்டாகிளாண்டின் டீ2, 5-லிபொட்சிசனேஸ் கையில் அகப்பட்டால் லூக்கோட்ரையீன். மூன்றாவது, மரபணுவைத் திறந்து புரதமாகவே செய்து அனுப்பும் இன்டர்லியூக்கின்கள். இதற்கு மணித்தியாலங்கள் செல்லும்.

லூக்கோட்ரையீன் பிடிபட்ட கதையில் நாகபாம்பு வருகிறது. 1938 இல் மெல்பேணில் பெல்ட்பேர்க், கெல்லவே என்ற இருவர் கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் நாகபாம்பு விஷத்தை ஓடவிட்டு, வெளியே வந்த நீரை ஒரு குடல் துண்டின் மீது விட்டுப் பார்த்தார்கள். ஹிஸ்டமீன் போட்டால் தசை சட்டென்று சுருங்கிச் சட்டென்று விடும். இந்த நீருக்கோ அது மெல்லச் சுருங்கி, நெடுநேரம் விடாமல் நின்றது. ‘மெதுவாகத் தாக்கும் பொருள்’ என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வாமையின்போதும் இதே போன்ற ஒன்று நுரையீரலிலிருந்து வருவதை, ஹிஸ்டமீனைத் தடுத்த பிறகும் தசை சுருங்குவதைக் கொண்டு 1960 இல் புரொக்கில்கேர்ஸ்ட் பிரித்துக் காட்டினார். அது என்ன மூலக்கூறு என்று தெரிய 1979 ஆகியது. சுவீடனில் சாமுவெல்சனின் குழு கண்டது. 1982 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்த மூவரில் அவரும் ஒருவர். லூக்கோட்ரையீன் டீ4 ஐ மூச்சில் எடுத்தால், குழாயைச் சுருக்குவதில் அது ஹிஸ்டமீனைவிட ஆயிரம் மடங்கு வரை வலியது.

பிரிட்டோன் ஏன் முட்டுக்கு உதவாது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. அது மறிப்பது ஹிஸ்டமீனின் எச்1 வாங்கியை, அதாவது கலத்தில் ஹிஸ்டமீன் வந்து ஒட்டும் இடத்தை மட்டும். தும்மல், மூக்கொழுகல், கண் கடி எல்லாம் பெருமளவுக்கு ஹிஸ்டமீன் வேலை. அங்கே பிரிட்டோன் கேட்கும். குழாய்ச் சுருக்கத்தில் ஹிஸ்டமீன் ஒரு சிறு பங்காளி. மிச்சத்தைச் செய்பவை லூக்கோட்ரையீனும் புரொஸ்டாகிளாண்டினும். பிரிட்டோன் எடுத்த பிள்ளை நித்திரையாவதைப் பார்த்து “மருந்து கேட்டுவிட்டது” என்று தாய் நினைப்பதுண்டு. நித்திரை மூளைக்குள் போன மருந்தின் விளைவு. குழாய் இருந்தபடியேதான் இருக்கும். முட்டுக்காரரை அப்படி நித்திரையாக்குவது நல்லதுமில்லை.

இனி நேரக் கணக்கு. தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை வீடு துப்புரவாக்கும்போது, பின்னேரம் நாலு மணிக்குப் பழைய தும்பு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுகிறார் ஒருவர். பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகும். பதினைந்து, இருபது நிமிடத்தில் உச்சம். இது மாஸ்ற் கலத்தின் முதல் இரண்டு சரக்கின் வேலை. பம்ப் அடித்தால் உடனே விடும், அடிக்காவிட்டாலும் ஆறு மணிக்குள் பெரும்பாலும் தானே விடும். ஆள் குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். எட்டு மணிக்குப் பிறகு மூன்றாவது சரக்கு வேலையைத் தொடங்கும். இரவு பத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இரண்டாவது முட்டு வரும். ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள வளர்ந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இந்தப் பிந்திய தாக்கம் உண்டு. முதலாவதைவிட மெல்ல ஏறும், நெடுநேரம் நிற்கும், பம்புக்கும் அவ்வளவு இலகுவில் விடாது. காரணம், இந்த முறை சுருங்கிய தசையோடு வீங்கிய சுவரும் சளியும் சேர்ந்துவிட்டன. விடிய எழும்பி ஆள் குற்றம் சாட்டுவது மார்கழிப் பனியை, இல்லாவிட்டால் இரவு தின்ற வாழைப்பழத்தை. மெத்தை தப்பிவிடும்.

பிந்திய தாக்கத்தின் கதாநாயகன் இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலம். இன்டர்லியூக்கின் 5 அதை எலும்பு மச்சையிலிருந்து கிளப்பி உயிரோடு வைத்திருக்கிறது. புரொஸ்டாகிளாண்டின் டீ2வும் அதைக் குழாய்ப் பக்கம் கூப்பிடுகிறது. வந்து சேர்ந்ததும் தன் மணிகளிலுள்ள காரப் புரதங்களைக் கொட்டி மேலணியை அரிக்கும். மேலணி உரிந்த இடத்தில் நரம்பு நுனிகள் வெளியே தெரிவதால் அடுத்த நாள் சாதாரண மிளகாய் தாளிக்கிற மணத்துக்கே இருமல் வரும். கூட வரும் இன்டர்லியூக்கின் 13 சளிக் கலங்களைப் பெருக்கி, மேலணியில் நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியத்தையும் தூண்டிவிடும். மூச்சில் அந்த வாயுவை அளந்தால் அழற்சியின் அளவு ஓரளவு தெரியும். வளர்ந்தோரில் நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழ் என்றால் இந்த வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு, 50க்கு மேல் என்றால் பெரும்பாலும் இருக்கிறது. பரிசோதனைக்கு முன் கீரையும் பீற்றூட்டும் சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாக ஏறும், சிகரெட் பிடிப்பவரில் பொய்யாக இறங்கும். அந்தக் கருவி கிடைக்காத இடத்தில் சாதாரண இரத்தப் பரிசோதனையிலுள்ள இயோசினோபில் எண்ணிக்கையே பாதி வேலை செய்யும்: மைக்கிரோலீற்றருக்கு 300க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடற்பூச்சியும் அதை ஏற்றும் என்பதை மறக்கக் கூடாது. முதல் நாள் பிரட்னிசலோன் விழுங்கிவிட்டு இரத்தம் கொடுத்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும், அந்த அறிக்கையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இயோசினோபிலை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியில்லை. இயோசினோபில் நிறைய இருந்தும் இருமலோடு நின்றுவிடுகிற, இழுப்பே வராத ஒரு வருத்தம் இருக்கிறது. 2002 இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் இரு கூட்டத்தாரின் குழாய்த் துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இயோசினோபில் இரண்டிலும் ஒரே மாதிரி. ஆஸ்துமாக்காரரில் மட்டும் மாஸ்ற் கலங்கள் மழமழப்பான தசைக் கட்டுக்குள்ளேயே நுழைந்து குடியிருந்தன. சரக்கு எது என்பதைப் போலவே அது எங்கே கொட்டப்படுகிறது என்பதும் கணக்கு. இந்தத் துறையில் வந்தவற்றில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு சொன்ன ஆய்வுகள் குறைவு என்பது என் எண்ணம்.

எல்லா முட்டும் ஐ.ஜி.ஈ வழியாக வருவதுமில்லை. பச்சை விறகுப் புகை, நுளம்புத்திரி, வளவுக்குள் பிளாஸ்ரிக்கோடு சேர்த்துக் கொளுத்தும் குப்பை, சோளகக் காற்றில் ஏறும் புழுதி, சாதாரண தடிமன் வைரசு, இவை மேலணியை நேராகக் காயப்படுத்தும். காயப்பட்ட மேலணி தானே அபாயக் குரல் எழுப்பும் புரதங்களை விட்டு இன்டர்லியூக்கின் 5, 13 வரிசையை எழுப்பிவிடும். ஓடும்போது வரும் முட்டு இன்னொரு விதம்: வேகமாக மூச்செடுக்கையில் குழாயின் நீர்ப்படலம் காய்ந்து உப்புச் செறிவு ஏற, மாஸ்ற் கலம் அதற்கே மணிகளைக் கொட்டிவிடுகிறது.

சரி, மருந்துகள். சல்பியூட்டமோல் தசையை விடச் செய்யும், நிமிடங்களில் வேலை தொடங்கும், நாலு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். கசியும் இரசாயனங்கள் கசிந்துகொண்டே இருக்கும். அதைத் தனியே, நாள்தோறும் அடித்துக்கொண்டிருந்தால் வாங்கிகள் சோர்ந்து, அதே தூசிக்குக் குழாய் முன்னையைவிடக் கூடுதலாகச் சுருங்கத் தொடங்கும். 2019 இலிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டி வளர்ந்தோருக்கும் பதின்ம வயதினருக்கும் சல்பியூட்டமோலைத் தனியே கொடுப்பதை ஏற்பதில்லை. ஒரு பம்பில் 200 அடி இருக்கிறது. வருடத்துக்கு மூன்று பம்ப் அல்லது அதற்கு மேல் முடிந்தால் கடும் முட்டுக்கான ஆபத்து ஏறிவிட்டது என்று பொருள். பார்மசியில் வாங்கிய திகதியைப் பம்பின் மேல் பேனையால் எழுதி வைத்தால் இந்தக் கணக்குத் தானே தெரியும். சல்பியூட்டமோல் குளிசையைப் பற்றிக் கேட்டால் ஒரு வசனம் போதும்: மெதுவாக வேலை செய்யும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பம்ப் கிடைக்கும் காலத்தில் அதற்கு இடமில்லை.

மூச்சில் எடுக்கும் ஸ்டீரொயிட் மரபணு மட்டத்தில் இன்டர்லியூக்கின் உற்பத்தியை அடக்கி, இயோசினோபில்களைச் சாகவிடும். மெத்தை தட்டுவதற்குச் சற்று முன் ஒரு தரம் எடுத்தால் பின்னேர இழுப்பை அது தடுக்காது, நடு இரவு இழுப்பைத் தடுக்கும். கிழமைக்கணக்கில் எடுத்தால் இரண்டும் குறையும். “இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை” என்று போத்தலை மூடிவைப்பவர்கள் பம்பிடம் எதிர்பார்ப்பதை இதனிடமும் எதிர்பார்க்கிறார்கள். நாள்தோறும் எடுக்க மனம் வராதவருக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது: புடெசொனைட்டும் போர்மொடெரோலும் சேர்ந்த பம்பை முட்டு வரும்போது மட்டும் எடுப்பது. தசை விடும் ஒவ்வொரு தடவையும் ஸ்டீரொயிட்டும் கூடவே உள்ளே போய்விடும். உங்கள் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

கப்சியூல் வகைக்கு இரண்டு விஷயம் பிழைக்கும். ஒன்று, வாடைக்கால ஈரம். கப்சியூலை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தாலோ மூடியைச் சரியாக இறுக்காவிட்டாலோ தூள் கட்டிபடும், உறிஞ்சினாலும் கோதுக்குள்ளேயே ஒட்டி நிற்கும். மற்றது வேகம். தூளை வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். வாயுப் பம்பை மெதுவாக, நாலைந்து செக்கன் இழுக்க வேண்டும். பலர் இரண்டையும் மாறிச் செய்கிறார்கள். எதுவானாலும் முதலில் மூச்சை வெளியே விட்டு, எடுத்த பின் பத்துச் செக்கன் அடக்கி, ஸ்டீரொயிட் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

வாயுப் பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தல் போதும். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளில் ஒப்பிட்டு 1999 இல் வெளியிட்டார்கள். கடைச் ஸ்பேசருக்கு அது குறையவில்லை. போத்தலின் அடியில் பம்பின் வாயளவுக்கு, சூடாக்கிய கம்பியால் துளை போடுங்கள். பெரிதாகப் போனால் மருந்து பின்னால் போகும், அதனால் சுற்றிலும் ரேப் ஒட்டி அடையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிவிடும். போத்தலின் கழுத்தை வாயில் வைத்து, ஒரு அடிக்கு நாலைந்து மூச்சு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அடி அடித்து நிரப்பினால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் விழும். கடும் முட்டு வந்தால் இதனூடாகச் சல்பியூட்டமோல் நாலு முதல் பத்து அடி, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு அறுந்தால் காத்திருக்க வேண்டாம், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மொன்டிலூகாஸ்ட் லூக்கோட்ரையீன் டீ4 போய் ஒட்டும் வாங்கியை மறிக்கிறது. வளர்ந்தோருக்கு 10 மில்லிகிராம், 6 முதல் 14 வயதுக்கு 5, 2 முதல் 5 வயதுக்கு 4, பின்னேரத்தில் அல்லது இரவில். மூச்சில் எடுக்கும் ஸ்டீரொயிட் லூக்கோட்ரையீனை அவ்வளவாகக் குறைப்பதில்லை என்பதால் இரண்டும் சேரும்போது பயன் உண்டு. ஸ்டீரொயிட்டுக்குப் பதிலாக என்றால் பெரும்பாலானோருக்கு அது பலவீனமான தெரிவு. “குளிசைதானே, பம்பைப் போலப் பழகிப்போகாது” என்று நினைத்து மாற்றுவது, பம்ப் பழகிப்போகும் என்ற பயத்தைவிட வேறு காரணமில்லாத மாற்றம். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்குக் கடுமையான எச்சரிக்கையும் சேர்த்தது. எடுக்கத் தொடங்கிய பிள்ளை இரவில் கெட்ட கனவு கண்டு அலறினால், குணம் மாறினால், யாராவது மனம் சோர்ந்து போனால், நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக வலி மருந்துகள். இவை அரகிடோனிக் அமிலம் இரண்டாகப் பிரியும் அந்தச் சந்தியில் கை வைக்கின்றன. டிஸ்பிரின், புறுபன், வொல்டரன், பொன்ஸ்டான் எல்லாம் சைக்ளோஒட்சிசனேசை அடைப்பவை. அதனால் மாஸ்ற் கலத்தை அடக்கி வைக்கும் புரொஸ்டாகிளாண்டின் ஈ2 குறைந்து, சிலரில் லூக்கோட்ரையீன் அணை உடைத்து வரும். ஆஸ்துமா உள்ள வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இப்படி. குளிசை போட்டு அரை மணித்தியாலம் முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் மூக்கு அடைத்து, முகம் சிவந்து, முட்டு வரும். மூக்குக்குள் சதை வளர்ந்தவருக்கும் மணம் தெரியாதவருக்கும் வாய்ப்புக் கூட. முன்பு ஒன்றும் செய்யவில்லை என்பது உத்தரவாதமில்லை, பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டித்தான் இது தொடங்குகிறது. அப்படிப்பட்டவருக்குப் பனடோல் 500 மில்லிகிராம் ஒன்று பொதுவாகப் பாதுகாப்பு; ஒரே தரத்தில் இரண்டு என்றால் சிலருக்கு அதுவும் கிளப்பும். இதயத்துக்காக 75 மில்லிகிராம் அஸ்பிரின் எடுத்து ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்பவர் இதை வாசித்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரு தரமாவது இழுத்தவர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரையும், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்பதையும் எழுதுவித்து வைக்க வேண்டும். பல்லுக் கொதிக்கு மருந்து வாங்கப் போகும்போதும் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.